ஒரு பானை மக்கரோனி சூப்: அடுப்படியில் ஓர் அறிவியல் பாடம்



மாலையில் மழை பிடித்துக்கொண்டால் சூடாக எதையாவது குடிக்க மனம் தேடும். நம் வீடுகளில் அதற்கு ரசம் உண்டு, கஞ்சி உண்டு. அந்த வரிசையில் மலேசியத் தமிழர் வீடுகளுக்குள் இயல்பாக வந்து சேர்ந்துவிட்ட இன்னோர் உணவு மக்கரோனி சூப். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் பிறந்தநாள் விருந்திலும் இதைச் சாப்பிட்டிருப்பீர்கள். காய்ச்சல் வந்த நாளில் அம்மாவோ பாட்டியோ வைத்துத் தந்திருக்கலாம்.

இந்த வாரப் பாடத்துக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பானை மக்கரோனி சூப் போதும். அதைச் சமைத்துக்கொண்டே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவோம்.

ஒன்று: கல்லைப் போல் கடினமாக இருக்கும் மக்கரோனி பத்து நிமிடத்தில் எப்படி மெத்தென்று ஆகிறது?

இரண்டு: அடுப்புத் தீயைக் கூட்டினால் அது இன்னும் விரைவாக வேகுமா?

மூன்று: இரவில் மிஞ்சிய சூப்பை அடுப்பின் மேலேயே விட்டுவிட்டு, காலையில் மறுபடியும் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாமா?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலோர் “கொதித்துவிட்டால் கிருமிகள் செத்துவிடும், சாப்பிடலாம்” என்றே விடை சொல்வார்கள். அந்த விடையை இப்போது ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாடத்தின் பிற்பகுதியில் அதைச் சோதித்துப் பார்ப்போம்.

மக்கரோனி என்பது என்ன?

பேரங்காடியில் மக்கரோனிப் பொட்டலத்தைத் திருப்பி அதன் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பல பொட்டலங்களில் ‘டூரம் கோதுமை ரவை’ என்று இருக்கும். டூரம் என்பது மிகக் கடினமான ஒரு வகைக் கோதுமை. அதில் புரதம் அதிகம். அதன் ரவையோடு நீர் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்தி, குழாய் வடிவில் வெட்டிக் காயவைத்தால் மக்கரோனி. நீர் குறைந்த நிலையில் நுண்ணுயிர்கள் வளர முடியாது. அதனால்தான் அது அலமாரியில் பல மாதங்கள் கெடாமல் இருக்கிறது.

மார்க்கோ போலோதான் சீனாவிலிருந்து இத்தாலிக்கு இந்த உணவைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. அது சரியன்று. அவர் பிறந்தது 1254-இல். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1154-இல், அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியல் அறிஞர் தம் நூலை முடித்திருந்தார். சிசிலித் தீவின் திராபியா என்ற ஊரில் மாவை இழைகளாக்கி உலர்த்திக் கப்பல்களில் வெளியூர்களுக்கு அனுப்பினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்.

மாவை இழையாகப் பிழியும் கலை நமக்கும் புதிதன்று. இடியாப்பம் இருக்கிறதே! ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இடியாப்ப மாவைக் கொதிநீர் ஊற்றித்தான் பிசைகிறோம். மக்கரோனி மாவைக் கொதிநீர் இல்லாமலே பிசையலாம். ஏன்?

கோதுமையில் உள்ள புரதங்கள் நீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை போல ஆகின்றன. அந்த வலைக்குக் குளுட்டன் என்று பெயர். அது மாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசியில் குளுட்டன் இல்லை. ஆகவே கொதிநீரால் அரிசி மாவில் ஒரு பகுதியை வேகவைத்து, அந்தப் பசையைக் கொண்டு மாவை ஒட்டவைக்கிறோம். பாட்டிமார் பழக்கத்தால் கண்ட இந்த உத்திக்குள் ஒரு வேதியியல் பாடமே இருக்கிறது. அது என்ன என்று சற்றுப் பிறகு பார்ப்போம்.

தேவையான பொருள்கள் (நால்வருக்கு)

மக்கரோனி 200 கிராம். எலும்போடு கூடிய கோழி இறைச்சி 400 கிராம். நீர் ஒன்றரை லிட்டர், மக்கரோனியை அவிக்கத் தனியாகக் கொஞ்சம். கேரட் ஒன்று, உருளைக்கிழங்கு இரண்டு. சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு நான்கு பல், கட்டைவிரல் அளவு இஞ்சி. பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, அன்னாசிப்பூ ஒன்று. மிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, சீரகத் தூள் அரைத் தேக்கரண்டி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு மட்டமான தேக்கரண்டி. மேலே தூவச் சந்தையில் ‘டாவுன் சூப்’ என்று கேட்டால் கிடைக்கும் இலை.

சைவ உணவு உண்பவர்கள் கோழிக்குப் பதிலாக ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையும் காளானும் சேர்க்கலாம்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

படிவம் 1, 2 மாணவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் அடுப்பைப் பற்றவையுங்கள். பானையின் கைப்பிடி அடுப்பின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தம்பி, தங்கையை அடுப்புக்கு அருகில் விடாதீர்கள். கொதிநீர் மேலே பட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். அவை சூட்டைத் தோலுக்குள்ளேயே பிடித்து வைக்கும். காயம் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பச்சைக் கோழியை நறுக்கிய பலகையிலும் கத்தியிலும் அப்படியே கேரட்டை நறுக்கக் கூடாது. முதலில் காய்களை நறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கோழி. அதன்பின் பலகை, கத்தி, கை மூன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

செய்முறையும் விளக்கமும்

படி 1: பானையில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போடுங்கள். பிறகு நறுக்கிய வெங்காயம், பூண்டு, இஞ்சியைப் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள்.

இந்த வேலையை நீரில் செய்ய முடியாது. நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. எண்ணெய் அதைவிட அதிகம் சூடாகும். வெங்காயத்தின் மேற்பரப்பு உலர்ந்து ஏறக்குறைய 140 பாகையை அடையும்போது, அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் விரைவாக வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் புதிய மணங்களையும் உண்டாக்குகின்றன. இதை 1912-இல் விவரித்த பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையார். அவர் பெயராலேயே இதை மையார் வினை என்கிறோம். மசாலாவின் மணப்பொருள்கள் பல எண்ணெயில் நன்றாகக் கரையும். நீரை ஊற்றும் முன்பே தாளிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 2: கோழித் துண்டுகளைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். ஒன்றரை லிட்டர் நீர் ஊற்றி, மூடி போட்டுக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் வேகவிடுங்கள்.

கோழியின் தோலிலும் மூட்டுகளிலும் கொலாஜன் என்ற உறுதியான புரதம் உண்டு. நீரில் நெடுநேரம் சூடாகும்போது அது பிரிந்து ஜெலட்டினாக மாறிச் சூப்பில் கரைகிறது. உதட்டில் இலேசாக ஒட்டும் தன்மை அதனால்தான் வருகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கோழிச் சூப் சில வேளைகளில் களி போல உறைந்திருப்பதும் இதனால்தான். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று.

படி 3: கேரட், உருளைக்கிழங்கு, மிளகு, சீரகம், உப்பு சேர்த்து மேலும் 15 நிமிடம் வேகவிடுங்கள்.

படி 4: அதே நேரத்தில் இன்னொரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து மக்கரோனியைப் போடுங்கள். பொட்டலத்தில் குறித்துள்ள நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து வடித்துவிடுங்கள். வடித்த நீரில் ஒரு குவளை எடுத்து வையுங்கள்; சோதனைக்குத் தேவைப்படும்.

படி 5: கிண்ணத்தில் மக்கரோனியைப் போட்டு, அதன்மேல் கொதிக்கும் சூப்பை ஊற்றி, இலையைத் தூவுங்கள். சூப் தயார்.

தீயைக் கூட்டினால் விரைவாக வேகுமா?

இதோ இரண்டாவது கேள்வி. கொதிக்கும் நீரின் வெப்பநிலை, கடல் மட்டத்துக்கு அருகே, 100 பாகை செல்சியஸ். பெரிய தீயில் தளதளவென்று கொதித்தாலும் சிறு தீயில் மெல்லக் கொதித்தாலும் வெப்பநிலை ஏறக்குறைய அதுதான். கூடுதலாக நாம் கொடுக்கும் வெப்பம் நீரை ஆவியாக்கத்தான் செலவாகிறது.

படிவம் 4 இயற்பியல் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை கிலோகிராம் நீரை அறை வெப்பநிலையான 28 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பம்:

1.5 × 4,200 × 72 = 453,600 ஜூல்

அந்த நீரில் 300 மில்லிலிட்டரை மட்டும் ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம்:

0.3 × 2,260,000 = 678,000 ஜூல்

வியப்பாக இல்லையா? பானை முழுவதையும் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைவிட, ஒன்றரைக் குவளை நீரை ஆவியாக வீணாக்கச் செலவாகும் வெப்பம் அதிகம். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள், மூடி போடுங்கள். உணவு அதே நேரத்தில் வேகும், எரிவாயு மிச்சமாகும்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே சோதித்துவிடலாம். உப்புப் போட்டால் நீர் அதிகச் சூட்டில் கொதிக்கும், அதனால் விரைவாக வேகும் என்பார்கள். உப்பு கொதிநிலையை உயர்த்துவது உண்மைதான். ஆனால் ஒன்றரை லிட்டர் நீரில் 5 கிராம் உப்பு போட்டால் கொதிநிலை உயர்வது ஏறத்தாழ 0.06 பாகைதான். சமையல் நேரத்தில் அதை உணரவே முடியாது.

கொதிநிலையை உண்மையில் மாற்றுவது காற்றழுத்தம். செமினி தாழ்வான இடத்தில் இருப்பதால் இங்கே நீர் ஏறக்குறைய 100 பாகையில் கொதிக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலையில் நீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே சுற்றுலா போய் மக்கரோனி அவித்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். ‘நன்றாகத்தான் கொதிக்கிறதே, ஏன் வேகவில்லை?’ என்று யாராவது கேட்டால் இப்போது உங்களால் விடை சொல்ல முடியும்.

மக்கரோனிக்குள் என்ன நடக்கிறது?

இனி முதல் கேள்வி. மக்கரோனியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மாவுச்சத்து. அது நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சிறு சிறு மணிகளாகக் குளுட்டன் வலைக்குள் அடைபட்டிருக்கிறது. குளிர்ந்த நீரில் அந்த மணிகள் அவ்வளவாக நீரை உறிஞ்சுவதில்லை. அவற்றுக்குள் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன.

நீர் சூடாகி 60 பாகையை நெருங்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. நீர் உள்ளே புகுகிறது. மணிகள் பலமடங்கு உப்புகின்றன. அமைலோஸ் என்ற நீளமான மூலக்கூறுகள் வெளியே கசிகின்றன. இதற்கு மாவுச்சத்துக் கூழாதல் என்று பெயர். கேழ்வரகு மாவு கூழாவதும், சோளமாவு சேர்த்த குழம்பு கெட்டியாவதும், இடியாப்ப மாவு கொதிநீரில் பசையாவதும் இதே மாற்றத்தால்தான்.

அதே சமயம் குளுட்டன் வலை சூட்டால் இறுகுகிறது. முட்டை வெந்ததும் கெட்டியாவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாவுச்சத்து உப்புகிறது. வெளியே புரத வலை அதைக் கட்டிப்போடுகிறது. இந்த இரண்டின் இழுபறிதான் மக்கரோனியின் மென்மையைத் தீர்மானிக்கிறது. வலை உறுதியாக இருந்தால் மக்கரோனி வடிவம் மாறாமல் வேகும். அளவுக்கு மீறி வேகவைத்தால் வலை தோற்றுப்போகும், மக்கரோனி குழைந்துவிடும்.

வெந்த பிறகும் மக்கரோனி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரே பானையில் போட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் சூப் வற்றிக் களியாகிவிடுவது அதனால்தான். ஆகவேதான் மக்கரோனியைத் தனியே அவித்து, சாப்பிடும்போது மட்டும் சேர்க்கச் சொன்னேன்.

செய்து பாருங்கள் 1: நடுக்கோட்டைத் தேடுதல்

மக்கரோனி கொதிக்கும்போது 2, 4, 6, 8, 10 நிமிடங்களில் ஒவ்வொன்றாக எடுத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். குழாயின் சுவருக்கு நடுவில் வெண்ணிறமாக ஒரு வளையம் தெரியும். நீர் இன்னும் எட்டாத பகுதி அது. நேரம் ஆக ஆக அந்த வளையம் மெலிந்து மறையும். நேரத்தையும் வளையத்தின் தடிப்பையும் அட்டவணையாக எழுதுங்கள். நீர் வெளியிலிருந்து உள்ளே நகர்வதை உங்கள் கண்ணாலேயே பார்க்கிறீர்கள்.

செய்து பாருங்கள் 2: அயோடின் சோதனை

படிவம் 2 உணவூட்டப் பாடத்தில் படித்ததுதான். மூன்று சிறு குவளைகளை எடுங்கள். ஒன்றில் குழாய் நீர், இரண்டாவதில் ஆறிய மக்கரோனி வடிநீர், மூன்றாவதில் மக்கரோனி சேர்க்காத கோழிச் சூப்பின் தெளிவு. ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விடுங்கள். வீட்டில் புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற போவிடோன் அயோடினையும் பயன்படுத்தலாம். வடிநீர் கருநீலமாகும். குழாய் நீர் மாறாது. சூப் என்ன ஆகும்? அதில் உருளைக்கிழங்கு வெந்திருப்பதை மறக்காமல், முதலில் ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

கருநீலமான குவளையை வெந்நீர் நிறைந்த கிண்ணத்தில் வைத்தால் நிறம் மங்கும். ஆறினால் திரும்பி வரும். அமைலோஸ் மூலக்கூறு சுருள்கம்பி போன்றது. அயோடின் அந்தச் சுருளுக்குள் அமரும்போதுதான் நிறம் தோன்றுகிறது. சூட்டில் சுருள் தளரும், நிறமும் போகும். சோதனை செய்த எதையும் வாயில் வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

உப்புக் கணக்கு

பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மலேசியாவில் 2017–2018-இல் நடத்தப்பட்ட ஆய்வில் பெரியவர்கள் சராசரியாக 7.9 கிராம் உண்பது தெரியவந்தது. அதிக உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டும்.

நம் பானையில் 5 கிராம் உப்பு போட்டோம். நால்வருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 1.25 கிராம். இப்போது சுவைக்காக 10 கிராம் எடையுள்ள சூப் கட்டிகள் இரண்டையும் போட்டதாக வைத்துக்கொள்வோம். கட்டியின் எடையில் பாதி உப்பு என்றால், மேலும் 10 கிராம் உப்பு சேர்கிறது. ஆளுக்கு மொத்தம் 3.75 கிராம். ஒரே கிண்ணத்தில் ஒரு நாள் அளவின் நான்கில் மூன்று பங்கு முடிந்துவிட்டது!

உங்கள் வீட்டுக் கட்டியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று சிட்டையைப் பார்த்துக் கணக்கிடுங்கள். சிட்டையில் சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். எலும்பு, வதக்கிய வெங்காயம், மிளகு, சீரகம் ஆகியவை தரும் சுவை இருக்கும்போது கட்டி இல்லாமலே சூப் நன்றாக இருக்கும்.

அடுப்பை அணைத்த பிறகுதான் ஆபத்து

இப்போது மூன்றாவது கேள்வி. எழுதி வைத்த விடையை எடுங்கள்.

மண்ணிலும் அரிசியிலும் கோதுமையிலும் காய்கறியிலும் இயல்பாக இருக்கும் ஒரு பாக்டீரியாவின் பெயர் பாசில்லஸ் சீரியஸ். சூழல் கடினமானால் அது தடித்த உறை கொண்ட வித்தாக மாறிவிடும். கொதிக்கும் நீரில் சாதாரணப் பாக்டீரியாக்கள் மடியும். ஆனால் இந்த வித்துகளில் பல பிழைத்துக்கொள்ளும். உணவு ஆறி வெதுவெதுப்பான நிலைக்கு வந்ததும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். சூப்பில் 100 பாக்டீரியாக்கள் எஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 16 முறை இரட்டிப்பு. 100 × 65,536 = 6,553,600. இரவு பத்து மணிக்குத் தூங்கப்போய்க் காலை ஆறு மணிக்கு எழும்போது நூறு, அறுபத்தைந்து இலட்சமாகிவிடுகிறது. நம் நாட்டில் இரவிலும் அறை வெதுவெதுப்பாகவே இருக்கும். அது அவற்றுக்கு வசதி.

“பரவாயில்லை ஆசிரியரே, காலையில் கொதிக்கவைத்தால் அத்தனையும் செத்துவிடுமே?” என்று கேட்பீர்கள். பெருகிய பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் அவற்றில் சில வகைகள் உணவில் செரியூலைட் என்ற நச்சை விட்டுவிட்டுப் போகின்றன. அந்த நச்சு கொதிநீரின் சூட்டில் அழிவதில்லை. திருடன் செத்தாலும் அவன் கலந்து வைத்த விஷம் பானையில் அப்படியே இருக்கிறது. மணத்திலோ சுவையிலோ வேறுபாடு தெரியாமலும் போகலாம்.

2008 அக்டோபரில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் இப்படி ஒரு துயரம் நடந்தது. 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாளுக்கு முன் சமைத்து அறை வெப்பநிலையிலேயே விட்டிருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டார். அரை மணிக்குள் தலைவலி, வயிற்றுவலி, வாந்தி. அன்று இரவே அவர் உயிர் பிரிந்தது. மிச்சமிருந்த ஸ்பகெட்டியில் பாசில்லஸ் சீரியஸ் ஏராளமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2011-இல் ஒரு மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்விதழில் இது வெளியானது.

இப்படி உயிரிழப்பது மிக அரிது. பெரும்பாலும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து ஒரு நாளில் தணிந்துவிடும். பயந்து நடுங்க வேண்டியதில்லை. காரணத்தைப் புரிந்துகொண்டால் தவிர்ப்பது எளிது.

“நம் தாத்தா காலத்தில் பழைய சோறு சாப்பிட்டார்களே?” என்றும் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. நீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் மற்றப் பாக்டீரியாக்கள் பலவற்றைத் தடுக்கும். மக்கரோனி சூப்பில் அந்தக் காவல் இல்லை. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது.

எப்படிச் சேமிப்பது?

5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டதே ஆபத்தான வெப்பநிலை. உணவு அந்த இடைவெளியில் குறைந்த நேரமே இருக்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பெரிய பானை மெதுவாகவே ஆறும். காரணம் கணிதத்தில் இருக்கிறது. 12 செண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பாத்திரம் ஒன்றில் சூப் இருப்பதாக நினையுங்கள். கொள்ளளவு 1,728 கன செண்டிமீட்டர். மேற்பரப்பு 864 சதுர செண்டிமீட்டர். அதையே 6 செண்டிமீட்டர் பக்கமுள்ள எட்டுச் சிறு பாத்திரங்களில் பிரித்தால் கொள்ளளவு மாறாது. ஆனால் மொத்த மேற்பரப்பு 1,728 சதுர செண்டிமீட்டர் ஆகிறது. வெப்பம் வெளியேறும் வாசல் இரண்டு மடங்கு!

ஆகவே மிஞ்சிய சூப்பை ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் ஊற்றுங்கள். அந்தப் பாத்திரங்களைக் குளிர்ந்த நீர் நிறைந்த தட்டில் வைத்து ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மக்கரோனியைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கும் வரை ஒரே ஒருமுறை சூடாக்குங்கள். இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே இருந்துவிட்டதா? சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஐந்து ரிங்கிட் சூப்புக்காக வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

சளிக்குச் சூப் மருந்தா?

அமெரிக்காவில் 1978-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சூடான கோழிச் சூப் மூக்குச் சளியின் நகர்வை விரைவாக்குவதைக் கண்டார்கள். 2000-இல் நெப்ராஸ்கா ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடக் குழாயில் வெள்ளையணுக்களின் நகர்வைக் கோழிச் சூப் தணிப்பதைக் காட்டினார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நடப்பதெல்லாம் உடலுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. சூப் சளியைக் குணமாக்கும் மருந்தன்று. நீர், உப்பு, மாவுச்சத்து, புரதம் நான்கையும் எளிதில் விழுங்கக்கூடிய வடிவில் தரும் உணவு. காய்ச்சலில் சோறு இறங்காதவருக்கு அதுவே பெரிய உதவி.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. அழுத்தக் கொதிகலனில் (பிரஷர் குக்கரில்) கோழி ஏன் விரைவாக வேகிறது? கேமரன் மலையில் நடப்பதோடு ஒப்பிடுங்கள்.

2. மக்கரோனியைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் வெந்துவிடுமா? மாவுச்சத்து மணியைக் கொண்டு விளக்குங்கள்.

3. பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், 100 பாக்டீரியாக்கள் நான்கு மணி நேரத்தில் எத்தனையாகும்?

4. உங்கள் வீட்டில் மிஞ்சிய உணவை எங்கே, எவ்வளவு நேரம் வைக்கிறார்கள்? ஒரு வாரம் கவனித்து அட்டவணை தயாரியுங்கள்.

விடைக் குறிப்பு: 1. அழுத்தம் கூடுவதால் கொதிநிலை ஏறக்குறைய 120 பாகை வரை உயர்கிறது, மலையில் நேர்மாறு. 2. வேகாது, நீர் ஓரளவு உள்ளே போகும், ஆனால் 60 பாகை அளவு சூடு இல்லாமல் மணிகளின் பிடி தளராது. 3. 12 முறை இரட்டிப்பு; 100 × 4,096 = 409,600. 4. இதற்கு விடை உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. அட்டவணையை முடித்ததும் அதை வீட்டில் சமைப்பவரிடம் காட்டி, அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பாடம் புத்தகத்தை விட்டு வெளியே வந்து பயன்படுவது அப்போதுதான்.